ஏழு நிமிஷமும் ஒரு மேல்படிப்பும்

என் சித்தி ஒரு பெண் என்பதற்குச் சான்றிதழ் வைத்திருக்கிறாள். ஆலையின் முத்திரை, பணியாளர் அதிகாரியின் கையெழுத்து, தேதி எல்லாம் அதில் உண்டு. ஊரில் வேறு எந்தப் பெண்ணிடமும் அப்படி ஒரு தாள் இருக்காது. அதை அவள் வாங்கக் காரணம் நான்தான். ஆனால் அந்தக் கதைக்கு முன்னால் அவள் பார்க்கிற வேலையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிறுக்கு எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

சட்டை தைக்கும் ஆலை அது. மொத்தம் ஆறு லைன். ஒவ்வொரு லைனிலும் எதிரெதிரே அறுபது தையல் மெஷின். முதல் மெஷினில் துண்டாக ஏறுவது கடைசி மெஷினில் முழுச் சட்டையாக இறங்கும். நடுவில் ஒருத்தி எழுந்து போனால் அடுத்தவள் கை சும்மா இருக்கும். அதனால் எழுந்து போவதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். லைனுக்கு இரண்டு சிவப்புப் பிளாஸ்டிக் தட்டு, கயிறு கோத்து ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஆணி காலியாக இருந்தால், தட்டு திரும்பி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டியதுதான். ஏழு நிமிஷம் அனுமதி. எட்டாவது நிமிஷம் சூப்பர்வைசர் விசில் ஊதுவார். பந்தாட்ட மைதானத்தில் ஊதுகிற அதே விசில். அதனால் அவருக்குப் பெயரே விசில் என்று ஆகிவிட்டது. அவருடைய வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சித்தி நான்காவது லைனின் ரெக்கார்டு. மணிக்கு எத்தனை சட்டை இறங்கியது என்று பலகையில் எழுதுவது பாதி வேலை. மீதிப் பாதி அந்தத் தட்டு. எத்தனாவது மெஷின், எப்போது போனது, எப்போது வந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். மெஷின்தான் போகும், மெஷின்தான் வரும். ஆள் பெயர் கிடையாது. இதை ஒன்பது வருஷமாக எழுதுகிறாள். அரசர்கள் போருக்குப் போனதைக்கூட யாரும் இத்தனை துல்லியமாக எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அம்மா மருந்துக் கடையில் நிற்கிறாள். சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் என்று ஒன்று நடந்து, இரண்டே வருஷத்தில் முடிந்து, ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் வந்து சேர்ந்தவள். நான் பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் கணக்கு என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. பிறகு நானும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. சித்திக்கும் எனக்கும் ஒரே அறை. அவள் கட்டிலுக்கு அடியில் எழுதி முடித்த நோட்டுகள் அடுக்கியிருக்கும். முடிந்த நோட்டைக் குப்பையில் போடச் சொல்வது ஆலை வழக்கம். இவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

இந்த வேலைக்கு நடுவிலேயே தபால் வழியில் வரலாற்றுப் பட்டம் படித்தாள். ஏழு வருஷம் ஆனது. போன வருஷம்தான் முடித்தாள். ஆலையில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. படித்தவள் என்று தெரிந்தால் ஒன்று வேலையை ஏற்றுவார்கள், இல்லை ஆளை இறக்குவார்கள் என்பது அவள் எண்ணம்.

ஒரு நாள் அப்பாவின் வேனில் கிடந்த செய்தித்தாளை விரித்துவைத்து அரை மணி நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பல்கலைக்கழகத்தில் மகளிரியல் முதுகலை. சனிக்கிழமை இரண்டு மணி முதல் ஆறு மணி வரை, ஞாயிறு முழுநாள். வேலைக்குப் போகிறவர்களும் சேரலாம்.

"மகளிரியலா?" என்றார் அப்பா. "வேதியியல் மாதிரியா? உங்களையெல்லாம் குடுவையில போட்டுச் சூடாக்குவாங்களா?"

"அதைத்தான் வீட்டுலயே செய்யறீங்களே மாமா."

அம்மாவுக்கு வேறு கவலை. "ஏண்டி, பொறந்ததுலேர்ந்து நாம அதைத்தானே படிச்சுக்கிட்டு இருக்கோம்? அதுக்கு எதுக்குத் தனியா ஒரு டிகிரி?"

"படிச்சோம் அக்கா. பரீட்சை எழுத விட்டாங்களா?"

சித்தி விண்ணப்பம் போட்டாள். போட்டுவிட்டுப் பத்து நாளாகத் தபால்காரரைக் கண்டாலே வாசலுக்கு ஓடினாள். எனக்குக் கை அரிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அம்மா கடைக்காக வைத்திருக்கும், சித்திக்கு எண் தெரியாத போனை எடுத்து, வாயில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, ஆலையின் மதிய இடைவேளையில் சித்தியைக் கூப்பிட்டேன்.

"வணக்கம். மகளிரியல் துறை அலுவலகம். உங்க விண்ணப்பத்துல ஒரு குறை இருக்கு."

"ஐயையோ, என்ன சார்?"

"நீங்க பெண்தான்னு வேலை செய்யற இடத்துல சான்றிதழ் வாங்கி, நேர்முகத் தேர்வுக்கு வரும்போது கொண்டுவரணும்."

"ஆம்பளைங்க விண்ணப்பிச்சா என்ன சார் கொண்டுவரணும்?" என்று கேட்டாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "அவங்க... அவங்க ரெண்டு கொண்டுவரணும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் வந்ததும் உடைத்துச் சொல்லி, இரண்டு அடி வாங்கிக்கொண்டு, எல்லோரும் சிரிப்பதாக என் திட்டம். ஆனால் அவள் வரும்போதே கையில் சான்றிதழ் இருந்தது. அந்தப் பணியாளர் அதிகாரி யார் என்ன கேட்டாலும் முத்திரை குத்துகிறவராம். வாங்கிப் படித்தேன். 'இவர் எமது ஆலையின் நான்காவது லைனில் கடந்த ஒன்பது ஆண்டுகளாகப் பெண்ணாகப் பணிபுரிந்து வருகிறார் என்று சான்றளிக்கப்படுகிறது.' குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன். வெளியே வந்தபோது சித்தி முகம் சரியாக இல்லை.

"எதுக்குன்னு கேட்டாருடி. படிப்புக்குன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. பட்டம் வாங்கினதும் தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு மேனேஜரைப் பார்க்கணுமாம்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் சோற்றைப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவள் திரும்பி வந்தபோது நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். வேலை போயிருக்கும் என்றுதான் நினைத்தோம். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சூப்பர்வைசராப் போடறாங்களாம்" என்றாள், பல் வலி என்று சொல்கிற குரலில்.

பட்டதாரியை வைத்துக் கழிப்பறைக் கணக்கு எழுத வைத்திருக்கிறோமே என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டாராம். விசிலை மொத்தத் தளத்துக்கும் பொறுப்பாளராக மேலே ஏற்றுவது; அவருடைய நாற்காலியில் சித்தி. முந்நூற்று அறுபது பெண்கள் தைக்கிற, ஆறு ஆண்கள் விசில் ஊதுகிற இடத்தில் முதல் பெண் சூப்பர்வைசர். அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். சித்தி கட்டைபோல நின்றாள்.

சிக்கல் இதுதான். ரெக்கார்டு வேலைக்குச் சனிக்கிழமை ஒரு மணியோடு விடுதலை. சூப்பர்வைசர் சனிக்கிழமை இரவுவரை இருந்தாக வேண்டும். சரக்கு அனுப்புகிற வாரம் ஞாயிறும் வர வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வகுப்பில் உட்கார முடியாது. நேர்முகத் தேர்வோ இந்தச் சனிக்கிழமை என்று அன்றுதான் தபால் வந்திருந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் அம்மா. "ஒன்பது வருஷம் அந்த ஆள் ஊதி நீ கேட்ட. இனிமே நீ ஊது."

லைனிலும் அதே பேச்சு. அறுபது பெண்களுக்கும் கால் தரையில் இல்லை. முக்கியமாகப் பாக்கெட்டுக்கு. இருபத்திரண்டாவது மெஷினில் சட்டைக்குப் பாக்கெட் வைக்கிறவள். லைனிலேயே நீளமான நாக்கு அவளுடையது. "நீ சூப்பர்வைசர் ஆன அன்னிக்கு நான் ரெண்டு தட்டையும் மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் உள்ளயே தூங்கப் போறேன்" என்றாளாம்.

சித்தி எல்லோருக்கும் தலையாட்டினாள். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்து கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். நேர்முகத்துக்கு வருகிறவர்கள் 'பெண்ணும் உழைப்பும்' என்று நாலு பக்கம் எழுதிக் கொண்டுவர வேண்டுமாம். பிடுங்கிப் படித்தேன். 'பெண் என்பவள் ஒரு மெழுகுவர்த்தி' என்று ஆரம்பித்தது. இரண்டாம் பக்கத்தில் நாட்டின் கண் ஆனாள். மூன்றாம் பக்கத்தில் ஆறாகப் பாய்ந்தாள்.

"சித்தி, இதுல நீ எங்க இருக்க?"

"நான் எதுக்குடி இருக்கணும்? இது கட்டுரை."

அவள் குளிக்கப் போனபோது, மறுநாள் உடுத்துவதற்கு எடுத்து வைத்திருந்ததை இஸ்திரி போட்டு மடித்து வைத்தேன். கேட்டபோது அம்மாதான் போட்டிருப்பாள் என்றேன்.

காய்ச்சல் என்று ஆலைக்குச் சொல்லிவிட்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது மாடி. நீளமான தாழ்வாரம், சுவரோரம் பெஞ்சு, அதில் பதினோரு பேர். எதிரில் ஒரு கடிகாரம். கடிகாரத்துக்குக் கீழே ஊழியர் அம்மாவின் மேசை. மேசைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் கழிப்பறைச் சாவி, தொலைந்துபோகாமல் இருக்க ஒரு மரக்கட்டையோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். போகிறவர் எடுத்துக்கொண்டு போவார், வந்து மாட்டுவார். நாங்கள் இரண்டு மணி நேரம் அந்த ஆணிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தோம். சித்தி கட்டுரையைத் திருப்பி வைத்துக்கொண்டு அவ்வப்போது ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். திருத்துகிறாள் என்று நினைத்தேன்.

அவளைக் கூப்பிட்டபோது நான் கதவுத் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். உள்ளே மூன்று பேர்: குட்டையாக வெட்டிய நரைமுடியோடு துறைத் தலைவர், ஓர் இளம் ஆசிரியை, கோப்பு வைத்திருந்த ஓர் ஐயா. அந்த ஐயாதான் சான்றிதழ்களைப் புரட்டினார். புரட்டியவர் நின்றார். தாளைத் தலைவரிடம் நீட்டினார்.

"'பெண்ணாகப் பணிபுரிந்து வருகிறார்'" என்று தலைவர் வாய்விட்டுப் படித்தார். "ரொம்பக் கஷ்டமான வேலையாச்சே. லீவு கொடுக்கறாங்களா?"

"உங்க ஆபீஸ்லேர்ந்துதான் மேடம் போன்ல கேட்டாங்க. ஆம்பளைங்க ரெண்டு கொண்டுவரணும்னு..."

"நாங்க யாரும் கேக்கலையே."

திரைக்குக் கீழே என் செருப்பு தெரிந்திருக்க வேண்டும். "அடியே!" என்று சித்தியிடமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது, மெதுவாக. உள்ளே மூன்று பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. இளம் ஆசிரியைக்கு விக்கலே வந்துவிட்டது.

பிறகு தலைவர் கட்டுரையை எடுத்தார். "மெழுகுவர்த்தி" என்றார். "இன்னிக்கு வந்ததுல இது நாலாவது மெழுகுவர்த்தி." சித்தியின் முதுகு சுருங்கியது. தாள்கள் புரண்டன. கடைசித் தாளின் பின்பக்கத்தில் அவர் கை நின்றது.

"இது என்ன?"

சித்தி எட்டிப் பார்த்தாள். "ஐயோ! மன்னிச்சுடுங்க மேடம். கை தானா எழுதிடுச்சு."

"'பச்சைச் சட்டை, 9.12, 9.18. கண்ணாடிக்காரம்மா, 9.20, 9.26, ஒரு புள்ளி. வாலு, 9.31, 9.44, அலை மாதிரி ஒரு கோடு.' அடுத்தது... 'தலைவர், 10.05, 10.27, நேர்கோடு.' தலைவர்னா நானா?"

"ஆமாங்க மேடம். சாவி எடுக்கறவங்க, மாட்டறவங்க... ஆணியைப் பார்த்ததும் எழுதிட்டேன்."

ஆலை, தட்டு, ஏழு நிமிஷம், விசில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. மேலும் கீழும் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"சரி, இந்தப் புள்ளி, கோடெல்லாம்? அதுவும் ஆலையில கேக்கறாங்களா?"

"இல்லை மேடம். அது நானாப் போடறது. மாசா மாசம் வர்ற நாளுன்னா புள்ளி. மாசமா இருக்கறவங்களுக்கு வட்டம். அழப் போறவங்களுக்குப் பெருக்கல் குறி. வீட்டுக்குப் போன் பேசப் போறவங்களுக்கு நேர்கோடு."

"அலை?"

"அது சும்மா ஊர் சுத்தப் போறது மேடம். எங்க அக்கா பொண்ணு. வெளியில நிக்குது."

"நான் போன் பேசப் போனேன்னு எப்படித் தெரியும்?"

"போகும்போதே கை போனைத் தேடிச்சு. வரும்போது முகத்துல பாதி இங்க இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா மேடம்?"

"அம்மாவுக்கு" என்றார் தலைவர். கட்டுரையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார், பின்பக்கம் மேலே தெரியும்படி. "யாரும் கேக்காததை எதுக்கு எழுதினீங்க?"

சித்தி நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தாள். திரையின் ஓரத்தில் எனக்கு அது தெரிந்தது.

"சேர்ந்த முதல் வருஷம். இருபத்திரண்டாவது மெஷின் பத்தொன்பது நிமிஷம் கழிச்சு வந்துச்சு. லைன் முன்னாடி ஒரு மணி நேரம் நிக்க வெச்சாங்க. அவ அண்ணன் செத்துப்போன சேதி காலையில வந்திருக்கு. சரக்கு போற நாள்னு விடலை. உள்ள போய் அழுதிருக்கா. எனக்கு மட்டும்தான் தெரியும். என் நோட்டுல பத்தொன்பதுன்னு இருந்துச்சு. அது பொய் இல்லை மேடம். ஆனா உண்மையும் இல்லை. பக்கத்துல சின்னதா ஒரு பெருக்கல் போட்டேன். அன்னிலேர்ந்து விடலை."

"இப்படி எத்தனை நோட்டு இருக்கு?"

"முப்பத்தொண்ணு. கட்டிலுக்கு அடியில."

இளம் ஆசிரியையின் பேனா தரையில் விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை. மற்றவர்களைப் பத்துப் பத்து நிமிஷத்தில் அனுப்பியவர்கள் சித்தியை ஐம்பது நிமிஷம் வைத்திருந்தார்கள். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் என்னை முறைத்தார்கள், என்னவோ நான்தான் உள்ளே உட்கார்ந்திருப்பதுபோல.

மதியம் பட்டியல் ஒட்டினார்கள். சித்தியின் பெயர் முதலில் இருந்தது. திங்கட்கிழமை ஆறு மணிக்குள் மூலச் சான்றிதழ்களோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

பேருந்தில் என் காதைத் திருகினாள், சான்றிதழுக்காக. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முதல் இடம் சித்தி! ஒரு சிரிப்பாவது சிரியேன்."

"அறுபது பேரு அங்க சிரிச்சுக்கிட்டு இருக்காங்கடி, நான் மேல வர்றேன்னு. எனக்கு ரெண்டு வருஷம் உக்காந்து படிக்க ஆசை. அதுக்காக அவங்களை அந்த விசில்கிட்டயே விட்டுட்டுப் போறதா?"

இந்தக் கேள்வி எனக்குக் கணக்கைவிடக் கடினமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அம்மா பதவி. அப்பா காலையில் பதவி, மத்தியானம் படிப்பு, சாயங்காலம் "உன் இஷ்டம்மா". சித்தி நோட்டுகளை இழுத்துப்போட்டுத் தூசி தட்டினாள்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அறையில் நடந்ததை அவள் வாயாலேயே பலமுறை கேட்டுவிட்டதால், நானே அங்கே நின்றதுபோல இருக்கிறது. மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார வைத்தாராம். ஒன்பது வருஷத்தில் முதல் முறை.

"ரெண்டு விஷயம்மா. இனிமே ஏழு நிமிஷம் கிடையாது, அஞ்சு. அப்புறம், உன் நோட்டையெல்லாம் வெச்சு, அதிகமா எழுந்து போற இருபது மெஷினுக்கு ஒரு லிஸ்ட் போடு. அதை வெச்சு ஆளைக் குறைக்கலாம். நீ சூப்பர்வைசர் ஆனதும் முதல் வேலை அதுதான். உன்னைவிட்டா யாருக்குத் தெரியும்?"

மதியம்வரை நேரம் கேட்டுக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு நேரத்தில் லைனைக் கூட்டி, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பதவி, படிப்பு, ஐந்து நிமிஷம், இருபது பேர் பட்டியல்.

"நீயே சூப்பர்வைசரா இருந்தா எட்டை அஞ்சுன்னு எழுதிட மாட்டியா என்ன? ஒத்துக்கோ!" என்றாள் ஒருத்தி.

"எழுதுவா" என்றாள் பாக்கெட், டிபன் டப்பாவை மூடிக்கொண்டே. "ஒரு மாசம் எழுதுவா. அப்புறம் மேல இருந்து ஒருத்தன் இவளுக்கு ஊதுவான். இவ நமக்கு ஊதுவா. விசில் யார் வாயில இருந்தா என்ன, நம்ம காதுல ஒரே சத்தம்தான்." பிறகு சித்தி பக்கம் திரும்பினாள். "அந்த மேடம்கிட்ட என்னத்தைச் சொன்ன, உனக்கு முதல் இடம் கொடுக்க?"

சித்தி தயங்கினாள். பாக்கெட்தான் அந்த இருபத்திரண்டாவது மெஷின். ஒன்பது வருஷமாக அந்தப் பேச்சை இருவருமே எடுத்ததில்லை.

"உன் பத்தொன்பது நிமிஷத்தைச் சொன்னேன்."

பாக்கெட்டின் கை டப்பாமேல் நின்றது. "அதை நீ எழுதி வெச்சியா?"

"நேரத்தை எழுதினேன். பக்கத்துல ஒரு பெருக்கல் போட்டேன், நீ அழப் போனன்னு."

"நான் அழுதது யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

"முதல் நோட்டுல, நாப்பதாவது பக்கம்."

பாக்கெட் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த நோட்டை இந்த ஆள் படிச்சா இருபது பேர் வீட்டுக்குப் போகணும். அந்த மேடம் படிச்சா என்ன ஆகும்?"

"தெரியலை. அதைத்தான் போய்ப் படிக்கணும்."

"அப்போ போய்த் தொலை. எங்களைச் சாக்கு சொல்லிக்கிட்டு இங்க உக்காராத. விசிலை நாங்க பார்த்துக்கறோம், இத்தனை வருஷம் பார்க்கலையா?"

சித்தி மாடிப்படி ஏறினாள். மேனேஜர் நியமன ஆணையைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார்.

"வேண்டாம் சார்."

"என்னது? ஏன்?"

"சனிக்கிழமை ரெண்டு மணிக்கு எனக்கு வகுப்பு இருக்கு சார்."

"என்ன படிப்பு?"

"மகளிரியல்."

"அதுல என்ன வருது?"

"நீங்க கேட்ட லிஸ்ட்தான் சார். ஆனா வேற மாதிரி வரும்."

அவர் ஆணையை இழுப்பறைக்குள் போட்டார். "அந்தப் பழைய நோட்டெல்லாம் எங்க? ஆலைச் சொத்து அது."

"நீங்க குப்பைன்னு சொன்னதைத்தான் சார் எடுத்துட்டுப் போனேன். ஒவ்வொண்ணுக்கும் கேட்ல கழிவுச் சீட்டு வாங்கியிருக்கேன். முப்பத்தொரு சீட்டும் இருக்கு."

ரெக்கார்டு வேலைக்கு ஆள் எடுக்கும்போது யோசித்து எடுக்க வேண்டும். எதற்கும் சீட்டு வைத்திருப்பார்கள்.

ஆலை விடுவது ஐந்தரை மணி. பல்கலைக்கழகம் மூடுவது ஆறு. பேருந்தில் போனால் முக்கால் மணி. இந்தக் கணக்கு மட்டும் எனக்கு நன்றாகவே வந்தது. மூலச் சான்றிதழ்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஐந்து மணிக்கே ஆலை வாசலில் நின்றேன். அவள் என்ன முடிவு செய்திருக்கிறாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அப்பாவையும் வேனோடு வரச் சொல்லியிருந்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே வந்திருந்தார். பின்னால் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் ஒற்றைக் காலுறையும் கிடந்தன.

ஐந்து முப்பத்திரண்டுக்குச் சித்தி வெளியே வந்தாள். வேனைப் பார்த்தாள். என் கையில் இருந்த கோப்பைப் பார்த்தாள்.

"நான் வேலையை ஒத்துக்கிட்டிருந்தா என்னடி செஞ்சிருப்ப?"

"கோப்பை இருக்கைக்கு அடியில ஒளிச்சுட்டு, உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தோம்னு சொல்லியிருப்பேன்."

அவள் என் தலையில் ஒன்று போட்டுவிட்டு ஏறினாள். ஆறு வயசுப் பிள்ளைகள் உட்காரும் இருக்கையில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தாள். அப்பா வழிநெடுக ஹாரன் அடித்தார். 'பள்ளிக் குழந்தைகள் கவனம்' என்று பின்னால் எழுதிய வேனுக்கு எல்லோரும் மரியாதையாக வழிவிட்டார்கள். இரண்டு மாடி ஏறி, மூச்சிரைக்க அவள் கையெழுத்துப் போட்டபோது ஐந்து ஐம்பத்தாறு. அந்தக் கோப்பு ஐயா சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு, "நீங்க பெண்தான்னு ஒண்ணு இருந்துச்சே?" என்று கேட்டார். அதையும் கொடுத்தாள். நகல் எடுத்து, அதையும் நூல் கோத்துக் கோப்பில் சேர்த்துவிட்டார்.

கீழே வந்து வேனில் ஏறியதும் சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக. பிறகு அந்தச் சின்ன இருக்கையே ஆடுகிற அளவுக்கு. அப்பா வண்டியை எடுக்காமல் திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தகரப் பெட்டியோடு அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

முதல் பருவம் இப்போது முடிந்துவிட்டது. ஐந்து நிமிஷம் இன்னும் வரவில்லை, வரலாம். பட்டியல் போட ஆள் கிடைக்கவில்லை. சித்திக்குப் பதிலாக விசிலே விசிலாகத் தொடர்கிறார். தன் பதவி உயர்வைக் கெடுத்தவள் என்று இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. லைனில் அதை யாரும் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சித்தியின் முதல் ஆய்வுக் கட்டுரை அந்த நோட்டுகளைப் பற்றித்தான். மெழுகுவர்த்தி எங்கேயும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். பாடத்தில் படித்ததை மதியச் சாப்பாட்டில் லைனில் சொல்வாள். பாக்கெட் உடனே மறுப்பாள். "இதை எழுதினவங்களை ஒரு நாள் என் மெஷின்ல உக்காரச் சொல்லு, அப்புறம் பேசலாம்." அந்த மறுப்பைச் சித்தி அப்படியே எழுதி, பக்கத்தின் அடியில் 'பாக்கெட், நான்காவது லைன், நேர்ப்பேச்சு' என்று குறிப்புப் போட்டாள். துறைத் தலைவர் அதன்கீழ் இரண்டு கோடு இழுத்து, 'இவரை இன்னும் பேச விடுங்கள்' என்று எழுதி அனுப்பினார். அவ்வளவுதான். அடிக்குறிப்பு ஆசை லைன் முழுக்கத் தொற்றிக்கொண்டது. "என்னையும் அடியில போடு", "அவளுக்கு ரெண்டு தடவை போட்டியே, எனக்கு ஒண்ணுதானா?" என்று ஒரே சண்டை. அம்மாகூட ஒரு நாள், "மருந்துக் கடையில நிக்கறவங்களைப் பத்தியெல்லாம் எழுதக் கூடாதா?" என்று கேட்டாள், பாத்திரம் துலக்கிக்கொண்டே, யாரிடமோ கேட்பதுபோல.

போன வாரம் விசில் வந்து சித்தியின் மேசையோரம் நின்றாராம்.

"என்னைப் பத்தியும் எழுதறியாமே?"

"எழுதறேன் சார்."

"என்னன்னு?"

"எத்தனை தடவை ஊதினீங்கன்னு எழுதியாச்சு. ஏன் ஊதினீங்கன்னு எழுத எடம் விட்டு வெச்சிருக்கேன். சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். கழுத்தில் தொங்குகிற விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒருவேளை ஒன்பது வருஷத்தில் அவரிடமும் யாரும் எதையும் ஏன் என்று கேட்டதில்லையோ என்னவோ.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

'யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.' அடிக்குறிப்பு பதினான்கு. நானே பார்த்தேன்.